மீன் தொட்டிக்குள் ஒரு வெப்ப முகப்பு

மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. மீன் வளர்த்துவிட்டுச் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை நிறுத்தி, ஒரு பக்கம் ஐஸ்கட்டி போட்ட நீல நீரும் மறுபக்கம் சூடான சிவப்பு நீரும் ஊற்றியிருந்தேன். முதல் இரண்டு தடவையும் ஓரத்தால் கசிந்து, தகட்டைத் தூக்குமுன்பே எல்லாம் ஊதாவாகிவிட்டது. இம்முறை விளிம்பெங்கும் மெழுகு பூசி, ஆட்டாமல் நேரே உருவினேன். நீலம் அடியில் பரவியது. சிவப்பு அதன் முதுகில் ஏறி, நாக்கைப் போல மெலிந்து நீண்டது. அந்தச் சரிவைப் பார்க்கத்தான் இத்தனை பாடு!

குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று இப்படி ஏறிவரும் எல்லையைத்தான் வெப்ப முகப்பு என்கிறார்கள். வானத்தில் இச்சரிவு மிகவும் படுத்திருக்கும். வெப்பக் காற்று ஒரு கிலோமீற்றர் உயர ஏறக்குறைய 150 முதல் 200 கிலோமீற்றர் போகவேண்டும். ஏற ஏறக் குளிர்ந்து முகிலாகிறது. ஆகவே நிலத்தில் நிற்பவருக்கு முதலில் தெரிவது சரிவின் உச்சி நுனி: பனித்துகள்களாலான கீற்று முகில். பின்னர் சூரியனுக்கு வட்டம் கட்டும் மெல்லிய கீற்றுப்படை, அதன்பின் சூரியன் மங்கித் தெரியும் இடைப்படை, கடைசியில் விடாமல் தூறும் மழைப்படை. 1919இல் நோர்வேயின் யாக்கோப் பியர்க்னெஸ் வரைந்து காட்டிய வரிசை இது.

கார்த்திகையில் ஓர் இரவு, மட்டக்களப்பின் பாலமீன்மடுக் கடற்கரையில் நிலவைச் சுற்றி வட்டம் விழுந்தது. கையை நீட்டி, கட்டைவிரலை நிலவில் வைத்து விரல்களை விரித்தேன். சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொட்டது. சுமார் 22 பாகை. பனித்துகள்தான், சந்தேகமில்லை. வெப்ப முகப்பே வந்துவிட்டதாகத் துள்ளினேன். வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர், “அகல்வட்டம் பகல்மழை, தம்பி” என்றார்.

மறுநாள் மழை பெய்தது. ஆனால் தூறலாக அல்ல. இடியோடு கொட்டி, வெளுத்து, மறுபடி கொட்டியது. அங்கேதான் என் கணக்குப் பிழைத்திருந்தது. முகப்பு உருவாக வெப்பக் காற்றும் குளிர்காற்றும் எதிர்ப்படவேண்டும். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே எப்பக்கக் காற்றும் வெம்மையானதுதான். வங்கக்கடலில் எழும் திரள்மழை முகில்களின் தலை விரிந்து பரவியே நமக்கு இந்த மென்படை வருகிறது. பெரியவர் சொன்னது பலித்தது, நான் கற்பித்த காரணம்தான் தவறு.

அடுத்து, தொட்டியின் அடிநடுவில் மட்டும் சூடேற்றிப் பார்க்கப் போகிறேன். சிவப்பு நேரே எழுந்து, மேலே குடையாக விரியவேண்டும். மெழுகு இனித் தேவைப்படாது.