ஃபார்முலா எஸ்ஏஇ காருக்கு டயர் தேர்வு: வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

நிபோங் திபாலைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்து, இங்கேயே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் இயந்திரவியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, இறுதியாண்டுத் திட்டத்துக்கு ரேஸ் கார் டயரை எடுக்கலாமா? வைவாவில் என்ன கேட்பார்கள்?"

தாராளமாக எடுங்கள். ஃபார்முலா எஸ்ஏஇ என்பது பல்கலைக்கழக மாணவர் அணிகள் தாங்களே சின்ன ரேஸ் கார் வடிவமைத்துச் செய்து ஓட்டும் போட்டி. நான் எடுத்த தலைப்பும் அதுதான். எந்த டயர் என்பதைவிட, ஏன் அந்த டயர் என்றுதான் கேட்பார்கள். அதனால் கார் வரையத் தொடங்கும் முன்பே டயரை முடிவு செய்துவிடுங்கள். ரிம், பிரேக், சஸ்பென்ஷன், கியர் விகிதம் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். சஸ்பென்ஷனை முடித்துவிட்டு டயர் தேடினால் "ஏன்" என்பதற்குப் பதில் இருக்காது.

முதலில் உங்கள் மண்டையில் ஏற வேண்டியது, சுமை கூடக்கூட டயரின் உராய்வுக் கெழு (சுமையைப் போல் எத்தனை மடங்கு பிடி கிடைக்கிறது என்ற எண்) குறையும் என்பது. பள்ளி இயற்பியலில் அது மாறாத எண். டயருக்கு அது பொருந்தாது. ஓட்டுநரோடு சேர்த்து கார் 280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 700 நியூட்டன். அந்தச் சுமையில் கெழு 1.6 என்றால் ஓர் அச்சின் இரண்டு டயரும் சேர்ந்து 2,240 நியூட்டன் பிடி தரும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயருக்கு 1,100, உள்பக்கத்துக்கு 300 என்று சுமை மாறுகிறது. கெழு முறையே 1.45, 1.7 ஆகிறது என்று கொண்டால் மொத்தப் பிடி 2,105 தான். காரின் எடை மாறவில்லை, பிடி மட்டும் குறைந்துவிட்டது. இவை விளக்கத்துக்கு நான் வைத்த எண்கள். உங்கள் டயரின் எண்களை வைத்து இதே கணக்கை வெறும் தாளில் போட்டுப் பழகுங்கள். வைவாவில் வெள்ளைப் பலகைக்குக் கூப்பிட்டால் கை நடுங்காது.

அடுத்தது சூடு. என்னைக் கேட்டால், தேர்வின் உயிரே இதுதான். செப்பாங் பந்தயத் தடத்தில் ஓடிய கார்களின் பழைய ஸ்லிக் (பள்ளமில்லாத வழுவழு) டயர் மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போட்டால் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். அந்த டயர் நம்மைவிடக் கனமான, பல மடங்கு வேகமான காருக்குச் செய்தது. நம் கார் இலேசு. கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவதால் வேகமும் குறைவு. அந்த ரப்பர் வேலை செய்யும் வெப்பநிலையை நம்மால் எட்டவே முடியாது. டயரை முன்கூட்டியே சூடாக்கும் போர்வைக்கும் போட்டி விதியில் இடமில்லை. ஆக்ஸிலரேஷன் என்ற நேர்கோட்டு ஓட்டம் வெறும் 75 மீட்டர், சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் டயர் எங்கே சூடேறும்? ஆகவே குறைந்த சூட்டிலேயே பிடிக்கும் மென்மையான கலவை வேண்டும். அதே டயர் சுமார் 22 கிலோமீட்டர் நீளும் என்டியூரன்ஸ் ஓட்டத்தையும் தாங்க வேண்டும். ஆக்ஸிலரேஷனுக்கு 100 புள்ளி, வட்டமாகச் சுற்றும் ஸ்கிட்பேடுக்கு 75, வளைவுகள் நிறைந்த ஒற்றைச் சுற்றான ஆட்டோகிராஸுக்கு 125, என்டியூரன்ஸுக்கு 275. தேய்மானத்தை எவ்வளவு பொறுக்கலாம் என்பதை இந்தப் புள்ளிகளை வைத்துச் சொல்லுங்கள், ஆசிரியர் முகம் மலரும்.

ரிம்மின் விட்டம் 10 அங்குலமா 13 அங்குலமா என்ற சண்டை எல்லா அணியிலும் உண்டு. 10 அங்குலம் இலேசானது, சுழற்றவும் நிறுத்தவும் குறைந்த விசை போதும், காரும் தாழ்ந்து நிற்கும். ஆனால் அந்தச் சின்ன ரிம்முக்குள் பிரேக் தட்டையும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் திணிப்பது பெரும்பாடு. ஹூசியர் நிறுவனம் இரண்டு அளவிலும் இந்தப் போட்டிக்கென்றே டயர் செய்கிறது. லேத் வேலைக்கு நல்ல பட்டறை கையில் இருந்தால் நான் 10 அங்குலத்தின் பக்கம். இல்லாவிட்டால் 13 எடுத்து நிம்மதியாக இருங்கள்.

தரவு எங்கே கிடைக்கும்? மாணவர் அணிகளுக்காக 2005இல் தொடங்கிய டயர் சோதனைக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் கால்ஸ்பன் ஆய்வகத்தில் டயர்களைச் சோதித்து, கட்டணம் கட்டிய அணிகளுக்கு மட்டும் தரவு தருகிறார்கள். அதை வெளியே பகிரக் கூடாது. அறிக்கையில் சேர்க்கும் முன் விதியைப் படித்துவிடுங்கள். அங்கே டயர் உருள்வது உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பட்டையின் மேல். அதனால் பிடி மிகையாகத் தெரியும். தார்ச்சாலைக்கு வரும்போது பொதுவாக அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று எடுப்பார்கள். டயரின் விசையை வளைகோடாகத் தரும் சமன்பாடான பசேக்காவின் மேஜிக் ஃபார்முலாவை அந்தத் தரவுக்குப் பொருத்தும்போது, அதிலுள்ள பி, சி, டி, இ என்ற நான்கு எண்களும் என்ன செய்கின்றன என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். டி உச்சப் பிடி. பி, சி, டி மூன்றின் பெருக்கல்தான் தொடக்கச் சரிவு, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் எவ்வளவு விறைப்பாகப் பதில் தருகிறது என்பது.

அந்த மூன்றில் இரண்டு பங்கைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வளாகத்தில் அனுமதி வாங்கி, காலியான கார் நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் ஸ்கிட்பேட் வட்டம் போடுங்கள். உள்வட்ட விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். நடுக்கோட்டின் ஆரம் 9.125 மீட்டர் வரும். ஒரு சுற்று 5 நொடியில் முடிந்தால் வேகம் நொடிக்கு 11.5 மீட்டர், பக்கவாட்டு முடுக்கம் ஏறத்தாழ 1.47 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1.47 மடங்கு. டயர் தரவை வைத்துக் கணினி சொன்னதையும் ஸ்டாப்வாட்ச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆய்வறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

காற்றழுத்தத்தைக் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு விடாதீர்கள். 28 டிகிரியில் 10 பிஎஸ்ஐ வைத்த டயர் மத்தியான வெயிலில் கிடந்து 50 டிகிரி ஆனால் அழுத்தம் கிட்டத்தட்ட 11.8 ஆகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து, டயரின் உள், நடு, வெளி வெப்பநிலையோடு எழுதி வையுங்கள்.

பால்மரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: ரேஸ் டயருக்கு ஏன் இயற்கை ரப்பர் முதன்மை இல்லை? இயற்கை ரப்பர் நன்றாக மீள்கிறது, குறைவாகச் சூடேறுகிறது. விமானம், லாரி டயருக்கு அதனால்தான் அது உயர்வு. ரேஸ் டயரின் மேற்பரப்போ சாலையின் சொரசொரப்பில் அமுங்கி, மெதுவாக மீண்டு, ஆற்றலை உள்ளேயே இழக்க வேண்டும். அந்த இழப்பு பிடியாகிறது. ஸ்டைரின் என்ற வேதிப்பொருள் கூடுதலாக உள்ள செயற்கை ரப்பர் அதற்குத் தோது.

இன்னொன்று, ஆர்டரை முந்தைய செமஸ்டர் விடுமுறைக்கு முன்பே போட்டுவிடுங்கள். கடல் தாண்டி வர வேண்டும், சுங்கத் தாள்களும் உண்டு. மழை டயரையும் அதே ஆர்டரில் சேருங்கள். அதன் பள்ளம் குறைந்தது 2.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. வந்ததும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி, வெயில் படாத அறையில், வெல்டிங் இயந்திரத்துக்கும் மோட்டாருக்கும் தள்ளி வையுங்கள். அவற்றிலிருந்து வரும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.