கரண்ட் வீட்டில், சிக்னல் தேயிலைக் காட்டில்

கோத்தகிரியில் அத்தை வீட்டுக்குப் போனால் டீயில் வர்க்கியைத் தொட்டுத் தின்றுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். "ஏப்பா, இந்த லேப்டாப்பு ஆன் ஆகறதுக்குள்ள சோறு வெந்துருது, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே" என்று அத்தை கேட்டார். அதோடு என் லீவு முடிந்தது.

பழைய லேப்டாப்தான். அதில் இருந்ததை வழித்துப் போட்டுவிட்டு விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 ஏற்றினேன். பாட்டு பாடியது, டச்பேட் ஓடியது, பிரிண்டர்கூட முனகாமல் வேலை செய்தது. வைஃபை மட்டும் இல்லை. ஆஃப் ஆகிக் கிடந்தால் ஆன் செய்யலாம். அந்த மெனுவுக்கோ உலகத்தில் வைஃபை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

டெர்மினலில், உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியல் போடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -nn சேர்த்து அடித்துப் பார்த்தேன். கார்டு உள்ளேதான் இருந்தது, பக்கத்தில் நாலு நாலாகப் பிரித்த எட்டு எழுத்து எண்ணோடு. முதல் நாலு கம்பெனி, அடுத்த நாலு மாடல். கார்டின் பெயரைவிட இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஒரே பெயரில் விற்கும் சரக்குக்குள் வேறு வேறு சிப் இருப்பதுண்டு.

2023-இல் வந்த டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஏற்றும் குட்டி மென்பொருள், பெரும்பாலும் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவிலேயே வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் இறங்கியிருந்தேன். ஆனால் இந்த சிப்புக்கு ஃபர்ம்வேர் மட்டும் போதாது. கம்பெனிக்காரர்கள் மூடி வைத்துக் கொடுக்கும் டிரைவரைத் தனியாக இறக்கி, இந்த மெஷினில் ஓடும் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு ஏற்ப இங்கேயே கம்பைல் செய்ய வேண்டும். அதற்குக் கம்பைலர் வேண்டும், கெர்னலோடு பொருத்திக் கம்பைல் செய்ய உதவும் கெர்னல் ஹெட்டர் ஃபைல்கள் வேண்டும், கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி கம்பைல் செய்துவைக்கும் டிகேஎம்எஸ் வேண்டும். அத்தனையும் இன்டர்நெட்டில் இருக்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

லேன் கேபிள் போடலாமே என்பீர்கள். அத்தையின் பேத்தி யூகேஜி படிக்கும்போது அந்தத் துளைக்குள் ஒரு பச்சை கிரேயானைச் சொருகிவிட்டாள். இப்போது எட்டாவது படிக்கிறாள். கிரேயான் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மிச்சம் இருந்தது என் போன். யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இன்டர்நெட்டைப் பகிரும் டெதரிங்கைப் போட்டால் லினக்ஸ் அதை வயர் கனெக்ஷன் மாதிரியே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் கேட்காது. ஆனால் அத்தை வீடு இருப்பது பள்ளத்தில். என் சிம்முக்கு வாசலில் ஒரு கோடுகூட வராது. மேலே தேயிலைக் காட்டு வளைவில், சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால் இரண்டு கோடு வரும். சரி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அதன் பேட்டரி செத்து இரண்டு வருஷம். வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும்.

டிவியின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அயர்ன் பாக்ஸுக்கு வைத்திருந்தது ஒன்று, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது இரண்டு. நாலையும் ஒன்றோடொன்று கோத்து, ஜன்னல் வழியாக மேட்டுக்கு இழுத்தேன். மரத்தடியில் ஒரு முக்காலி, அதன்மேல் லேப்டாப். இலை எடை போட்டுவிட்டுத் திரும்பிய அக்காக்கள் நின்று பார்த்தார்கள். "தம்பி, மோட்டார் வெச்சு எங்க தண்ணி எடுக்கறீங்க?"

இரண்டு கோடு சிக்னலில் ஹெட்டர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதற்குள் மிஸ்டும் இறங்கியது. நான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக நின்றேன். 71 சதவீதம். 72. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அத்தை டீ கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, "இங்கேயே வைங்க அத்தை" என்று சொல்லித் திரும்பினேன்.

காட்டுமாடு. நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் மாட்டியது மாதிரி, செடிக்கு நடுவே நின்று என்னைப் பார்த்தது. இந்தப் பக்கம் இது புதிதில்லை, ஊர்க்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் ஒதுங்கினேன், லேப்டாப்பை அணைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாக. மூன்றாவது பாக்ஸில் வயர் கழன்றது. திரை கருத்தது. காட்டுமாடு ஒரு வாய் புல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் பேத்தி பள்ளிவிட்டு வந்தாள். கதையை முழுதாகக் கேட்டாள்.

"மாமா, நம்ம வீட்ல வைஃபை இருக்கே?"

"அதை எடுக்கத்தானே பாப்பா இந்தப் பாடு."

"பாட்டி போன்ல வைஃபை வருது. அந்த போனை ஒயர்ல மாட்டுங்க. வைஃபையே ஒயர் வழியா போகும்."

போகும். ஹாட்ஸ்பாட் போட்டால் பல போன்களில் வைஃபை அணைந்துவிடும்; ஆண்ட்ராய்டு போனில் யூஎஸ்பி டெதரிங் அப்படியில்லை, போனுக்குள் வரும் வைஃபையை அப்படியே கேபிளில் தள்ளும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். காட்டுமாட்டைப் பார்ப்பதற்கு முன்பு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஹாலில் சோபாவில் சாய்ந்துகொண்டே எல்லாம் இறங்கியது. அப்புறம், நம்பகமில்லாத மென்பொருளைத் தடுக்கும் காவல்காரனான செக்யூர் பூட் வந்து, கையெழுத்தில்லாத டிரைவரை உள்ளே விடமாட்டேன் என்றது. அதற்கு ஒரு சாவியைப் பதிவு செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் நீலத் திரை வரும், பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அந்தப் பத்து நொடியில்தான் அத்தை, "வர்க்கி இன்னொண்ணு வைக்கட்டா?" என்றார். மறுபடி முதலிலிருந்து.

இரண்டாம் முறை வைஃபை வந்தேவிட்டது. மெனுவில் வீட்டு ரூட்டரின் பெயர், அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்டது.

"காலண்டர் பின்னாடி எழுதி வெச்சேனே" என்றார் அத்தை. எந்தக் காலண்டர் என்றால், போன பொங்கலுக்குச் சமையலறை ஷெல்பில் விரித்த காலண்டர். அரிசி டின்னைத் தூக்கினோம். எண்ணெய்க் கறைக்கு நடுவே ஏழு எழுத்து தெரிந்தது. வைஃபை பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையாது. நானும் அத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தோம்.

"கடைசில ஆச்சரியக்குறி மாமா" என்றாள் பாப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.