கேள்வி தயாரான பிறகு எங்களை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?

எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானதே முப்பத்து நான்கு வயதில்தான். அதற்கு இரண்டு வருடம் கழித்து, பெரியவர்களுக்கான ஆதரவுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறோம், வாருங்கள் என்று ஓர் அழைப்பு வந்தது. சந்தோஷமாகத்தான் போனேன். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தேன், பதில் இல்லை. அங்கே தலைக்கு மேலே டியூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், கையில் ஒரு தாளைக் கொடுத்து முக்கியமானதை டிக் பண்ணுங்கள் என்றார்கள். பத்து வரி. அதில் ஏழு, குழந்தைகளுக்கான பயிற்சி. வேலை, வீடு, அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு யார் என்பதெல்லாம் தாளிலேயே இல்லை. என் முறை வந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். அறிக்கை முடிந்துவிட்டது என்றார்கள்.

அந்தத் தாளைத் தயாரிக்கும்போது எங்களில் ஒருவராவது அறையில் இருந்திருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையே, கொள்கை வகுக்கும்போது சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசி ஈடுபடுத்த வேண்டும் என்கிறது. (ஆட்டிசத்துக்குத் தமிழில் வைத்த மதியிறுக்கம் என்ற பெயரைக்கூட எங்களைக் கேட்டு வைத்ததாகத் தெரியவில்லை, எனக்கு அந்தச் சொல்லை எழுத மனம் வருவதில்லை.)

ஆராய்ச்சியிலும் இதே கதைதான். பிரிட்டனில் 2007 முதல் 2011 வரை ஆட்டிச ஆராய்ச்சிக்குப் போன பணத்தைக் கணக்குப் பார்த்தார்கள். 56 சதவீதம் உயிரியல், மூளை, அறிதிறன். சேவைகளுக்கு 5, சமூகம் தொடர்பானவற்றுக்கு வெறும் 1. அப்புறம் 2016இல் ஆட்டிசம் உள்ளவர்கள், குடும்பத்தினர், துறை சார்ந்தவர்கள் மூவரும் சேர்ந்து முன்னுரிமைப் பட்டியல் போட்டபோது முதலிடத்துக்கு வந்தது மனநலம். வராமல் என்ன செய்யும்? ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 16 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று ஸ்வீடன் ஆய்வு ஒன்று சொன்னதும் அதே காலத்தில்தான்.

கேட்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 10,000 பேரின் மரபணு மாதிரியைச் சேகரிக்க கேம்பிரிட்ஜ் தலைமையில் ஸ்பெக்ட்ரம் 10கே என்ற ஆய்வை 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். இந்தத் தரவு நாளைக்கு எதற்குப் பயன்படும் என்ற பயம் ஆட்டிசம் உள்ளவர்களிடையே பெரிய எதிர்ப்பாகக் கிளம்பி, சில வாரங்களிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டிவந்தது.

அமெரிக்காவில் ஆஸ்பயர் என்ற குழு 2006லிருந்தே வேறு மாதிரி நடக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களும் கல்வியாளர்களும் சம பங்காளிகள். எழுத்து அரட்டையில் கூட்டம் நடத்துகிறார்கள், ஆய்வுக் கேள்விகளில் எங்களுக்குக் குழப்பமான வார்த்தைகளைச் சேர்ந்தே மாற்றுகிறார்கள். 'சில சமயம்' என்பதற்கு வாரம் ஒரு தடவையா, வருடம் ஒரு தடவையா என்று நான் அரை மணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

உங்களுக்குப் பேச வருகிறது, பேசாதவர்களுக்காக நீங்கள் எப்படிப் பேசலாம் என்று கேட்பார்கள். சரி, அவர்களையே கூப்பிடுங்கள். தட்டச்சு செய்பவர் இருப்பார், படம் காட்டிச் சொல்பவர் இருப்பார், நேரம் கொடுங்கள். பெற்றோரும் வரட்டும், ஆனால் எங்களுக்குப் பதிலாக இல்லை. என் அம்மாவைக் கேட்டால், இவள் யாரோடும் பழகமாட்டேன் என்கிறாள், அதுதான் கவலை என்பாள். என்னைக் கேட்டால் தூக்கம் என்பேன், சத்தம் என்பேன். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே ஆராய்ச்சி ஆகாது.

போன மாதம் வேறு ஒரு குழு எழுதியது. கேள்விகள் பத்து நாள் முன்பே வந்தன, நேரத்துக்குப் பணம் உண்டு, வாயால் பேச வேண்டாம் என்றால் எழுதலாம். கடைசியில் ஒரு காலிப் பெட்டி: நாங்கள் கேட்காமல் விட்டது என்ன? வயதாவதைப் பற்றி எழுதினேன். எழுபது வயதில், ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் பேச்சு நின்றுபோனால் எனக்கு எங்கே வலிக்கிறது என்று யார் சொல்வார்கள் என்று.