சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இன்சுலின் குப்பியைத்தான். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் கிடைக்கும், 100 யூனிட் உள்ளதும் கிடைக்கும். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. மாறிப்போனால்? 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை, அதாவது அரை மில்லி, இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை சடாரென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நினைவே தப்பிவிடலாம்.

அதனால் லேபிளை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அப்புறம் சிரிஞ்சை இன்னொரு நர்ஸிடம் காட்டியாக வேண்டும். எவ்வளவு அவசரம் என்றாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. "சாப்பாடு வந்துடுச்சா பாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி. ஏனென்றால் ரெகுலர் என்ற வகை இன்சுலின் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும்.