காந்தத் துளைப்பொருளில் பிஎச்டி: வைவா முடித்த கையோடு எழுதுவது

சென்ற வாரம் ஓபன் வைவா (பொது வாய்மொழித் தேர்வு) முடிந்தது. பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு இதை எழுதுகிறேன். கோர்ஸ் வொர்க், டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங், சினாப்சிஸ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். எம்ஓஎஃப்-இல் (உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாகும் துளைப்பொருள்) காந்தப் பண்பைத் தேடுகிறவர்களுக்காக மட்டும் சில விஷயங்கள்.

துளை பெரிதாக வேண்டுமென்றால் லிகண்ட் (அயனிகளை இணைக்கும் மூலக்கூறு) நீள வேண்டும். காந்த ஒழுங்கு வேண்டுமென்றால் உலோக அயனிகள் நெருங்க வேண்டும். இந்த முரண்பாட்டை எந்த வழியில் சமாளிக்கிறீர்கள் என்பதை முதல் வருடமே முடிவு செய்யுங்கள். ஒன்று, சயனைடு, ஃபார்மேட் போன்ற குட்டைப் பாலம். 1995-இல் வந்த வனேடியம்-குரோமியம் சயனைடு 315 கெல்வின் (சுமார் 42 டிகிரி செல்சியஸ்) வரை காந்தமாக இருந்தது. இன்னொன்று, லிகண்டையே ரேடிக்கலாக்குவது, அதாவது ஜோடியில்லா எலக்ட்ரான் உள்ளதாக மாற்றுவது. 2020-இல் குரோமியம்-பைரசீன் பொருள் 242 டிகிரி செல்சியஸ் வரை போனது அப்படித்தான்.

இனி முக்கியமான விஷயம். வைவாவில் என்னைக் காப்பாற்றியது இது ஒன்றுதான்: ஒவ்வொரு டேட்டாவுக்கும் சாம்பிளின் கரைப்பான் நிலையை எழுதி வைப்பது. ஒரே பேட்ச்சை மூன்றாகப் பிரிப்பேன். தாய்க்கரைசலிலேயே (படிகம் உருவான கரைசல்) இருப்பது 'அ', காற்றில் உலர்ந்தது 'ஆ', வெற்றிடத்தில் சூடாக்கிக் காலி செய்தது 'இ'. டிஜிஏ (சூடாக்கி எடை இழப்பை அளப்பது), பவுடர் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது), ஸ்க்விட் (காந்தத்தன்மையை அளக்கும் கருவி), வாயு உறிஞ்சல் எதுவானாலும் இந்த எழுத்து இல்லாமல் ஃபைல் பெயர் கிடையாது.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன்? துளையில் இருக்கும் மெத்தனால் மேசையிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஓரளவு உலர்ந்ததை எடைபோட்டு, முழுக் கரைப்பானோடு உள்ள ஃபார்முலா எடையால் வகுத்தால் மோல் குறையும், கை-டி (ஒரு மோலுக்கான காந்த ஏற்புத்திறன் × வெப்பநிலை) கூடும். உயர் ஸ்பின் (ஜோடியில்லா எலக்ட்ரான்கள் அதிகமுள்ள நிலை) இரும்பு(2+)-க்கு ஸ்பின் மட்டும் கணக்கிட்டால் 3.0 வர வேண்டும். 3.6 வந்தால் 'ஆர்பிட்டல் பங்களிப்பு' (எலக்ட்ரானின் சுற்றியக்கமும் காந்தத்தில் சேர்வது) என்று சொல்லிவிடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். வெளித்தேர்வாளர் கேட்டது, "எடைபோட்டபோது உள்ளே எத்தனை மெத்தனால்?" டிஜிஏ-வைக் காட்டினேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஸ்க்விட்டுக்கு முன்:

- 'இ' சாம்பிளைக் காற்றுப் படாமல் அடைத்து வையுங்கள். துளைக்குள் ஆக்சிஜன் புகுந்தால் 50 கெல்வின் அருகே ஒரு மேடு வரும். அதைப் புதுக் காந்த மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள்.
- ஸ்டீல் ஸ்பாட்டுலா கூடாது, பிளாஸ்டிக் மட்டுமே.
- அறை வெப்பநிலையில் இரண்டு மூன்று காந்த ஃபீல்டில் அளந்து பாருங்கள். மதிப்பு ஒத்துவராவிட்டால் இரும்பு ஆக்சைடு போன்ற கலப்பைச் சந்தேகியுங்கள்.
- டயாமேக்னடிக் திருத்தத்தில் (பொருளின் சிறு எதிர்க்காந்த விளைவை நீக்கும் கணக்கு) கரைப்பானும் சேர வேண்டும்.
- அளந்த பிறகும் ஒரு எக்ஸ்ஆர்டி.

பதினைந்து காம்பவுண்ட் செய்யச் சொல்லும் கைடுகள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டைத் தேர்ந்தெடுத்து முழுதாகத் தோண்டினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். பேப்பர் தாமதமாகும், பரவாயில்லை.

எம்ஓஎஃப்-களுக்காக 2025 வேதியியல் நோபல் கிடாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் போனபின் "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பொதுவாகப் பேசாதீர்கள். இரும்பு-பைரசீன்-பிளாட்டினம் சயனைடைச் சொல்லுங்கள். அதன் துளைக்குள் பென்சீன் போனால் இரும்பு உயர் ஸ்பினுக்கும், கார்பன் டைசல்ஃபைடு போனால் தாழ் ஸ்பினுக்கும் மாறுகிறது, அதுவும் அறை வெப்பநிலையில். போர்டில் வரைந்து காட்ட ஐந்து நிமிடம் போதும்.