கடைசி வரியில் இருந்தவர்கள்

"ஹோட்டலா எத்தனை வருஷம் இருந்துச்சு?" அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்துப் பழைய கட்டிடங்களைப் பற்றி, நடந்துகொண்டே காதில் கேட்கிற மாதிரி ஒலிக்குறிப்பு எழுதுவது அப்போது என் வேலை. கட்டிடத்துக்கு ஒன்றரை நிமிடம். ஹோட்டல் ஓக்லாந்துக்கு எழுதியது நன்றாக வந்திருக்கிறது என்றே நம்பினேன். 1906 பூகம்பத்தில் சான் பிரான்சிஸ்கோ நொறுங்கியதும் வளைகுடாவைத் தாண்டி ஜனம் இந்தப் பக்கம் வந்தது, ஊர் கிடுகிடுவென்று வளர்ந்தது, வளர்ந்த ஊருக்குப் பெருமையாகக் காட்ட ஒரு ஹோட்டல் வேண்டியிருந்தது. அங்கே செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலை வடிவமைத்த பிளிஸ், ஃபேவில் இருவரையே பிடித்து, நான்கு பக்கமும் தெரு இருக்கிற ஒரு முழு மனையை அடைத்துக் கட்டி 1912 டிசம்பரில் திறந்தார்கள். 1943-ல் ராணுவம் எடுத்து மருத்துவமனை ஆக்கியது. பிறகு முன்னாள் படைவீரர் மருத்துவமனை. 1963-ல் அதுவும் போய், பல வருஷம் பூட்டிக் கிடந்தது. கடைசி வரி: "இன்று இது முதியோர் குடியிருப்பு."

இதை வாசலுக்கு எதிரே நின்று ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். வண்டியிலிருந்து கீரைத் தண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தாளை எட்டிப் பார்த்தார். ஹோட்டலின் வரலாறு என்றேன். இங்கேதான் இருக்கிறேன் என்று மேலே ஒரு ஜன்னலைக் காட்டினார், விட்டு விட்டு வந்த ஆங்கிலத்தில். 1912-ன் மேல் ஒரு விரல், 1943-ன் மேல் இன்னொன்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். 31 என்றேன். என் பேனாவை வாங்கி ஓரத்தில் 31 என்று எழுதினார்.

"நாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. குடியிருப்பாகத் திறந்த வருஷத்தை நான் தாளில் எழுதவே இல்லை. 1980களின் தொடக்கம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். 40 வருஷத்துக்கு மேல். ஹோட்டலாக இருந்ததைவிட அதிகம். அதைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பேரையாவது கேட்டிருக்கலாம்.

அன்று ராத்திரி இன்னொன்றும் உறைத்தது. சீனர்கள் அமெரிக்காவுக்குள் குடியேறுவதைத் தடுத்த சட்டம் 1882-ல் வந்து 1943 கடைசியில்தான் ரத்தானது. அந்தக் கட்டிடம் ஹோட்டலாக இருந்த காலம் முழுக்க அந்தச் சட்டமும் இருந்திருக்கிறது, சீனர்கள் வாழும் சைனாடவுன் பகுதி சில தெரு தள்ளியே இருந்தும். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் பெற்றோரை அழைத்துக்கொள்ள முடிந்தது. இன்று உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் சீன முதியவர்கள். இதைவிடப் பெரிய கதை அந்தக் கட்டிடத்துக்கு ஏது?

மறுநாள் மேலாளரிடம் இருபது விநாடி கூடுதலாகக் கேட்டேன். தர முடியாது, வேண்டுமானால் நடன மண்டபப் பகுதியை எடுத்துவிட்டு இதைச் சேர் என்றார். நியாயமான பதில்தான். நான் எடுக்கவில்லை. திறப்பு விழாக் காலத்து நடனத்தைப் பற்றி எழுதிய அந்த இரண்டு வாக்கியமும் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இதை இப்போது எழுதும்போதுகூடச் சங்கடமாக இருக்கிறது.

அப்போது எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்: அது மனிதர்கள் வாழும் வீடு, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நிறுத்தி அவர்கள் ஜன்னலைப் பார்க்கச் சொல்வது சரியா? இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் படைவீரர் மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளைப் பற்றி எழுதும்போது இந்த யோசனை வரவில்லையே. போனவர்களைப் பற்றி எழுதக் கை கூசவில்லை, இருப்பவர்களைப் பற்றி எழுதத்தான் கூசியது. இல்லை, அவர்களைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமே இல்லாததால் வந்த கூச்சமோ என்னவோ. நடன மண்டபத்துக்குப் பழைய செய்தித்தாள் இருக்கிறது. கீரை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிய 40 வருஷத்துக்கு, அவர்களிடம் போய்க் கேட்டால்தான் உண்டு. நான் கேட்கப் போனதே ஒலிப்பதிவு முடிந்த பிறகுதான், அதுவும் வாசல் வரைக்கும்தான். அரை மணி நேரம் நின்றும் அவர் கண்ணில் படவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

அந்தத் தாளை வைத்திருக்கிறேன். ஓரத்தில் அவர் எழுதிய 31 இருக்கிறது, 3 கொஞ்சம் சாய்ந்து. கீழே இடம் விட்டிருக்கிறார்.