ரிதம் ஸ்ட்ரிப் தேர்வு: பி அலை ஒளிந்திருக்கும் இடத்தில் தேடுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். மொத்த மதிப்பெண் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் எல்லோரும் பயமுறுத்திய ரிதம் ஸ்ட்ரிப் பகுதிதான் (ஈசிஜி துண்டைப் பார்த்து இதயத் தாளத்தின் பெயரைச் சொல்வது) என்னைக் கரை சேர்த்திருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கொஞ்ச நாள் போனால் எல்லாமே சுலபமாக இருந்த மாதிரி நினைப்பு வந்துவிடும், அப்புறம் எழுதுகிற அறிவுரை யாருக்கும் பயன்படாது.

கட்டக் கணக்கு, பிஆர் எல்லை, 300ஐ வகுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தாண்டிவிடுகிறேன். புதியவர்களுக்கு மட்டும் இரண்டு வரி: பி அலை மேல் அறையின் (ஏட்ரியம்) துடிப்பு, கியூஆர்எஸ் கீழ் அறையின் (வென்ட்ரிக்கிள்) துடிப்பு, டி அலை கீழ் அறை ஓய்வுக்குத் திரும்புவது. பிஆர் என்பது பியிலிருந்து கியூஆர்எஸ் வரை உள்ள தூரம், சைனஸ் என்றால் இதயத்தின் இயல்பான தாளம்.

முதலில் ஒரு புலம்பல். கையில் கிடைக்கிற குறிப்புகள் எல்லாமே ஒரே அச்சு: பக்கத்துக்கு ஒரு ரிதம், அதற்கு ஓர் அழகான படம், கீழே நாலு வரி. ரம்பப் பல் தெரிந்தால் ஃப்ளட்டர் (மேல் அறை நிமிடத்துக்கு 300 போல ஒழுங்காக ஓடுவது) என்று போட்டிருக்கும். அந்த அழகான ரம்பப் பல்லைத் தேர்வில் யாரும் தருவதில்லை. 4:1இல் (நாலு மேல் அறைத் துடிப்புக்கு ஒரு கீழ் அறைத் துடிப்பு) ஓடுகிற ஃப்ளட்டரை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள் என்று கேள்வி எடுப்பவருக்கும் தெரியும். வருவது 2:1. நிமிடத்துக்கு 150, அப்பழுக்கில்லாத ஒழுங்கு, குறுகிய கியூஆர்எஸ். ஒரு பல் கியூஆர்எஸ்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று சாதாரண பி அலை மாதிரியோ டி அலை மாதிரியோ நடித்துக்கொண்டிருக்கும். படத்தை மனப்பாடம் செய்தவர் சைனஸ் டேக்கிகார்டியா (இயல்பான தாளமே வேகமாக ஓடுவது) என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

எனக்குப் பலன் தந்தது ஒரே ஒரு விஷயம். ரஃப் தாளின் ஓரம்.

ஸ்ட்ரிப்பில் சந்தேகமே இல்லாமல் தெரியும் இரண்டு அடுத்தடுத்த பி அலைகளைப் பிடியுங்கள். தாளின் ஓரத்தை அங்கே வைத்துப் பென்சிலால் இரண்டு கோடு போடுங்கள். இப்போது முதல் கோட்டை இரண்டாவது பியின் மேல் நகர்த்துங்கள். இரண்டாவது கோடு எங்கே விழுகிறதோ அங்கே இன்னொரு பி இருந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லையா? அந்த இடத்து டி அலை பக்கத்து டி அலைகளைவிடக் கூர்மையாக இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா, கியூஆர்எஸ்ஸின் வாலில் ஏதாவது புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காலிப்பர் (தூரம் அளக்கும் கவராயம்) அனுமதித்தால் அதுவே மேல். திரையில் வரும் தேர்வு என்றால் தாளைத் திரையின் மேலேயே பிடித்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இதை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், ஒரு ஸ்ட்ரிப்பில் திடீரென்று ஒரு துடிப்பு விடுபட்டு இடைவெளி வந்தால், விடை முழுக்க அந்த ஒரு கோட்டில்தான் இருக்கிறது:

- கோடு போட்ட இடத்தில் சரியாக பி வந்து, பின்னால் கியூஆர்எஸ் வரவில்லை: இரண்டாம் நிலை பிளாக் (மேலிருந்து கீழே போகும் மின்தூண்டல் சில துடிப்புகளில் தடைபடுவது).
- பி கோட்டுக்கு முன்பே வந்து முந்தின டி அலைக்குள் புதைந்திருக்கிறது: கடத்தப்படாத ஏட்ரியல் எக்டோபிக் (முன்கூட்டியே வந்து கீழே போய்ச் சேராத மேல் அறைத் துடிப்பு). இடைவெளிக்கு மிகச் சாதாரணமான காரணமே இதுதான், தேர்வில் மொபிட்ஸ் 2 (இரண்டாம் நிலை பிளாக்கின் ஒரு வகை) என்று எழுதவைப்பதற்கென்றே வைப்பார்கள்.
- பியே இல்லை: சைனஸ் பக்கம் கோளாறு. இடைவெளி பழைய பி-பி தூரத்தின் சரியான மடங்காக இருந்தால் எக்ஸிட் பிளாக் (தூண்டல் பிறந்தும் வெளியே வராதது), இல்லையென்றால் அரெஸ்ட் (தூண்டலே பிறக்காதது).

வென்கிபாக்குக்கு, அதாவது பிஆர் நீண்டுகொண்டே போய் ஒரு துடிப்பு விடுபடும் மொபிட்ஸ் 1க்கு, ஒரு சுருக்குவழி. பிஆர் ஒவ்வொரு துடிப்புக்கும் நீள்கிறதா என்று வரிசையாக அளந்துகொண்டு உட்காராதீர்கள். நீளமான சுற்றில் நடுவில் வரும் அதிகரிப்பு அளக்கவே முடியாத அளவுக்குச் சின்னது. இடைவெளிக்கு முந்தின பிஆரையும் அடுத்து வரும் பிஆரையும் மட்டும் ஒப்பிடுங்கள். பின்னது குறுகியிருந்தால் வென்கிபாக், இரண்டும் ஒன்றேயானால் மொபிட்ஸ் 2. 1899இல் வென்கிபாக் என்ற மருத்துவர் இந்தத் தாளத்தை விவரித்தது ஈசிஜி இல்லாமலே, நாடித்துடிப்பின் பதிவை அளந்துதான். மனிதர் பி அலையையே பார்க்காமல் சொல்லிவிட்டார், நமக்குக் கட்டம் போட்ட தாளே இருக்கிறது. மொபிட்ஸ் என்பவர் இந்த பிளாக்கை இரண்டு வகையாகப் பிரித்தது 1924இல்.

2:1 பிளாக்கை மட்டும் மொபிட்ஸ் 1 என்றோ 2 என்றோ பெயரிடாதீர்கள். ஒப்பிட இரண்டு தொடர்ச்சியான பிஆர் அதில் கிடையாது. கியூஆர்எஸ் அகலமாக இருந்தால் கீழ்மட்டக் கோளாறு என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். விருப்பங்களில் 2:1 என்று தனியாக இருந்தால் அதைத்தான் தொட வேண்டும்.

முழு ஹார்ட் பிளாக்கில் தாள் ஓரம் இன்னும் ஜோராக வேலை செய்யும். பி தன் வழியில், கியூஆர்எஸ் தன் வழியில், பிஆர் மட்டும் ஆளுக்கொரு அளவாக மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்று: நடுவில் கியூஆர்எஸ் உள்ள பி-பி தூரம் மற்றதைவிடக் கொஞ்சம் குறுகி வரலாம். கோடு ஒரு சின்னக் கட்டம் தள்ளி விழுந்ததற்காக ஏற்கெனவே சரியாகப் போட்ட விடையை மாற்றிவிடாதீர்கள்.

மறுபடி 150க்கு வருகிறேன், மதிப்பெண் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. பி அலை இரண்டு கியூஆர்எஸ்ஸுக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்திருந்தால் இன்னொரு பி கியூஆர்எஸ்ஸுக்குள் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். பிக்ஸ் விதி என்பார்கள். அடுத்து, கேள்வியில் வயதைப் பாருங்கள். 220இலிருந்து வயதைக் கழித்தால் சைனஸ் ஏறக்கூடிய உச்சம் தோராயமாகக் கிடைக்கும். 75 வயதுக்காரர் படுக்கையில் அசையாமல் படுத்தபடி 150 அடிக்கிறது என்றால் அது சைனஸாக இருப்பது கஷ்டம். சைனஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும், ஃப்ளட்டர் பிடிவாதமாக ஒரே எண்ணில் நிற்கும். ரிதத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து எடுப்பவரிடம் ஃப்ளட்டரின் ஏட்ரியல் வேகம் 300க்குக் கீழே இறங்கி, வென்ட்ரிக்கிள் வேகமும் 150ஐவிடக் குறையலாம் என்பதையும் மனதில் வையுங்கள். அடினோசின் (மேலிருந்து கீழே போகும் தூண்டலைச் சற்று நேரம் தடுக்கும் மருந்து) கொடுத்த ஸ்ட்ரிப் பக்கத்தில் இருந்தால் அது பரிசு: கியூஆர்எஸ் சற்று நேரம் விலகி நிற்கும்போது ஒளிந்திருந்த பற்கள் வரிசையாக வெளியே வரும்.

பழைய சைனஸ் ஈசிஜியையும் சேர்த்துக் கொடுத்தால் வி1ஐ (மார்பில் வைக்கும் முதல் லீட்) மட்டும் ஒப்பிடுங்கள். டேக்கிகார்டியாவில் கியூஆர்எஸ்ஸின் முடிவில் புதிதாக ஒரு சின்ன ஆர் முளைத்திருந்தால் அது பின்னோக்கிப் போன பி, அதாவது ஏவிஎன்ஆர்டி (இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள ஏவி நோடில் தூண்டல் சுழல்வது).

ஒழுங்கே இல்லாத ஒழுங்கின்மைக்கு ஏஎஃப் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மேல் அறை தாறுமாறாக நடுங்குவது) என்று கை தானாகப் போகும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இருந்தாலும் மாறும் பிளாக் உள்ள ஃப்ளட்டரையும், மூன்று வடிவ பி அலையாவது உள்ள மல்டிஃபோக்கல் ஏட்ரியல் டேக்கிகார்டியாவையும் விலக்கிவிட்டுப் போடுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால் அது சும்மா வந்த வரி இல்லை. தலைகீழாக, ஏஎஃப் உள்ளவரின் ஸ்ட்ரிப் திடீரென்று மெதுவாகவும் ஒழுங்காகவும் ஆகிவிட்டால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. பி இன்னும் வரவில்லையே. முழு பிளாக், கீழிருந்து எஸ்கேப் ரிதம் (கீழ்ப்பகுதி தானாகப் போடும் மாற்றுத் தாளம்). டிகாக்சின் மருந்து எடுக்கிறாரா என்று கேளுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைச் சொன்னபோதுதான் எதிரே இருந்தவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அகலமான கியூஆர்எஸ் டேக்கிகார்டியாவில் நான் நேர்மையாகவே சோம்பேறி. அகலம், வேகம், ஒழுங்கு மூன்றும் இருந்தால் விடி (வென்ட்ரிகுலர் டேக்கிகார்டியா, கீழ் அறையிலிருந்தே பிறக்கும் வேகத் துடிப்பு). வேறென்று நிரூபிக்கும் பொறுப்பு மற்றவர்களுடையது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது, நோயாளி பேசுகிறார் என்பதெல்லாம் விடியை விலக்காது. விடியா என்று படிப்படியாகப் பார்க்க 1991இல் வந்த புருகாடா வரிசையில் கடைசியான வடிவ அளவுகோல்கள் என் தலையில் ஏறவே இல்லை, முதல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்:

வி1 முதல் வி6 வரை எதிலுமே ஆர்எஸ் வடிவம் (மேலே ஒரு முனை, அடுத்து கீழே ஒரு முனை) இல்லை. விடி.
இருக்கிறது, ஆனால் ஆரின் தொடக்கத்திலிருந்து எஸ்ஸின் அடி வரை 100 மில்லிசெகண்டைத் தாண்டுகிறது. விடி.
பி தனியாகப் போகிறது. விடி.

மூன்றாவதற்கு மறுபடியும் தாள் ஓரம்தான். நடுவில் ஒரே ஒரு குறுகிய துடிப்போ, பாதி அகலத் துடிப்போ வந்தால் அது கேப்சர் (மேலிருந்து வந்த தூண்டல் கீழ் அறையைப் பிடித்தது) அல்லது ஃப்யூஷன் (இரண்டும் கலந்தது), விடிதான், அத்தோடு விஷயம் முடிந்தது. பி தெரியவில்லை என்பதற்காக விடியைக் கைவிடாதீர்கள், நிறைய ஸ்ட்ரிப்பில் தெரியாது.

அகலமான டேக்கிகார்டியாவுக்குச் சிகிச்சை கேட்டு, விருப்பங்களில் வெராபமில் மருந்து இருந்தால் அது பெரும்பாலும் கண்ணி. அகலமான, ஒழுங்கற்ற, 200க்கு மேல் ஓடுகிற, துடிப்புக்குத் துடிப்பு அகலம் மாறுகிற ஸ்ட்ரிப் என்றால் டபிள்யூபிடபிள்யூவோடு (இரண்டு அறைகளுக்கும் நடுவே கூடுதல் மின்பாதை இருப்பது) ஏஎஃப். அங்கே அடினோசின், வெராபமில், டிகாக்சின் மூன்றுமே ஆபத்து. ரத்த அழுத்தம் விழுந்தால் மின் ஷாக், நிலையாக இருந்தால் புரோகெய்னமைட் மருந்து.

அகலம், மெதுவு, பி இல்லை, பார்க்கவே கோணல்மாணல். பெயர் வைக்க முயலாமல் ரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிட்டதா என்று யோசியுங்கள். சிறுநீரகம் பற்றி ஒரு வார்த்தை கேள்வியில் இருக்கும்.

டார்சேட்ஸ் (முறுக்கிக்கொண்டே போகும் ஒருவகை விடி) என்று எழுதும் முன் அதற்கு முந்தின சாதாரணத் துடிப்புகளில் கியூடியை (கியூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலை முடிவு வரை) பாருங்கள். நீண்டிருந்தால்தான் டார்சேட்ஸ், மெக்னீசியம் 2 கிராம். கியூடி சரியாக இருந்தால் அது வேறு பாலிமார்ஃபிக் (வடிவம் மாறிக்கொண்டே இருக்கும்) விடி, இதயத்துக்கு ரத்தம் குறைவதைத் தேட வேண்டும்.

விஎஃப் (கீழ் அறை தாறுமாறாக நடுங்கி ரத்தமே போகாத நிலை) போல ஒரு கிறுக்கல், ஆனால் நோயாளி பல் துலக்கிக்கொண்டிருக்கிறார் என்ற கேள்வி கட்டாயம் வரும். கிறுக்கலுக்கு நடுவே குறுகிய முனைகள் சம தூரத்தில் நிற்கின்றனவா என்று அதே தாளால் அளந்தால் போதும். நின்றால் ஆர்டிஃபாக்ட் (அசைவால் வந்த போலிக் கிறுக்கல்).

பயிற்சி பற்றிக் கேட்பீர்கள். தலைப்பு வாரியாகச் செய்யாதீர்கள், பிளாக் அத்தியாயத்தில் இருக்கும் ஸ்ட்ரிப் எல்லாமே பிளாக் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. கலைத்துப் போட்டு, பெயரை எழுதும் முன் வேகம், ஒழுங்கு, பி, பிஆர், அகலம் ஐந்தையும் எழுதுங்கள். பார்த்த கணத்தில் பெயர் சொல்லிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பெரிய தொல்லையாக இருக்கும். நான் அந்த ரகம் இல்லை, அளந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். வைவாவிலும் அந்த ஐந்தையே வரிசையாகச் சொல்லிவிட்டு முடிவில் பெயருக்கு வந்தேன். பெயரை முதலில் சொன்னால் "எப்படி?" என்று கேட்பார்கள், அந்த ஒரு சொல்லில் பாதிப் பேர் தடுமாறிவிடுகிறார்கள்.

எனக்கு வீண் என்று பட்டவை: அஷ்மன் நிகழ்வின் வரலாறு, ஃபாஸிக்குலர் விடியின் உட்பிரிவுகள், வண்ண அட்டைகள், நள்ளிரவுக் குழு விவாதம்.

தேர்வுத் திரையில் ஸ்ட்ரிப்பின் மூலையில் 25 என்றிருக்கிறதா 50 என்றிருக்கிறதா (தாள் ஓடும் வேகம், நொடிக்கு மில்லிமீட்டரில்) என்று முதலில் பாருங்கள், 50இல் எல்லாமே இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். ஜூம் செய்தால் கட்டமும் கூடவே பெரிதாவதால் கணக்கு கெடாது, ஆனால் தாளில் முன்பு போட்ட கோடுகள் பொருந்தாது. பெரிதாக்கிய பிறகு புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.